கேத்திக்காரர் காட்டிய கடற்கரை

என் மகள் மெர்சிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. எனக்கு மாப்பிள்ளையின் ஊரைப் பிடிக்கவில்லை. அந்த ஊரை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்துக்காரர்கள். வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் அலை. மெர்சியின் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நான், அவள், அலைச்சத்தம் என்று மூன்று பேர் குடியிருந்தோம். கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போனவள், அங்கே பழகிய அமலன் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். பையனுக்குக் குன்னூர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். போட்டோவில் காது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததைத் தவிர வேறு குறை சொல்ல எனக்கு வழியில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டேன். கேத்தி என்றாள். ஊட்டிக்குப் பக்கத்தில் கேரட்டும் முட்டைக்கோசும் விளைகிற பள்ளத்தாக்காம். அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்றேன்.

"எம்மா, அது மலை" என்றாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்து ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். "நீ வேண்டாம்னா வேண்டாம். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மெர்சி உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களைத்தான்.

உண்மையைச் சொல்கிறேன். பெட்டி கட்டுவதற்கு முன்பே என் வார்த்தை தயாராக இருந்தது. மரியாதையான காரணம்கூடத் தயாராக இருந்தது: "பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்காது, இழுப்பு உண்டு." மெர்சிக்கு இழுப்பெல்லாம் கிடையாது. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஐஸ் தின்கிற ஜாதி அவள்.

துணைக்கு என் அண்ணன் கஸ்பார் வந்தார். தாடி முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். கவிழ்ந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, காப்பாற்ற வந்தவர்களிடம் முதலில் பீடி கேட்டவர் என்று ஊரில் பேர். அப்பேர்ப்பட்டவர் மேட்டுப்பாளையம் தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே என்னை எழுப்பிவிட்டு ஜன்னலோரத்துக்கு மாறிக்கொண்டார். அதற்கப்புறம் அவருடைய தலை பஸ்ஸுக்கு உள்ளே வரவே இல்லை.

எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் படுக மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. கீழ்நாட்டுக்காரங்க கீழ தின்னதைக் கீழயே குடுத்துட்டுத்தான் மேல வருவாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். சிரித்தவர்களில் ஒருத்திதான் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் அதை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பாதி மலையில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. "எல்லாரும் எறங்கிக்குங்க, வண்டி தண்ணி குடிக்கோணும்" என்றார் கண்டக்டர். இறங்கினோம். எங்கிருந்தோ வந்த ஒரு குரங்கு, பயணிகள் கையிலிருந்த முறுக்கு, பிஸ்கட் எதையும் சீண்டாமல், அண்ணனின் மூக்கிலிருந்து எலுமிச்சம்பழத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அந்த மலையில் அண்ணனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கேத்தி நிறுத்தத்தில் பையனின் அப்பா சூசை கையில் இரண்டு கம்பளியோடு காத்திருந்தார். குட்டையான மனிதர். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய சிரிப்பு. "வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சவுரியமுங்களா?" என்று கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் அண்ணனைக் கம்பளியால் சுற்றிக் கட்டினார். அண்ணனும் மறுக்கவில்லை.

வீடு சரிவில் இருந்தது. ஓட்டு வீடு, சுத்தமாகத்தான் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க வந்தவளுக்கு அது முதல் ஏமாற்றம். சூசையின் மனைவி லூர்து, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வெந்நீரும் டீயும் ஊட்டி வர்க்கி ரொட்டியும் கொண்டுவந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் கேரட் பொரியல், கேரட் சாம்பார், முட்டைக்கோஸ் கூட்டு, நடுநாயகமாக ஒரு தட்டு மீன் வறுவல். "கடக்கரைக்காரங்க வர்றீங்கன்னு மீனு வாங்கியாந்தமுங்க" என்றார் லூர்து பெருமையாக. அண்ணன் ஒரு சாளை மீனை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து, "செசிலி, இது நமக்கு ரெண்டு நாள் முன்னாடியே பஸ் ஏறிருக்கு" என்றார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். இருவரும் ஒரு முள் பாக்கி இல்லாமல் தின்று முடித்தோம்.

சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போதுதான் கவனித்தேன். கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போகிற நிலைக்கு மேலே வரிசையாகச் சின்ன ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு துண்டு நைலான் நூல் தொங்கியது. இங்கே என்ன மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன். லூர்து சூசையைப் பார்த்தார். சூசை குல்லாவைச் சரிசெய்தார்.

"திரை ஒண்ணு கெடந்துச்சுங்க. பழசாப் போச்சு."

லூர்து அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைத்தார். சரி, இந்த வீட்டில் ஏதோ சண்டை இருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மறுநாள் காலை சூசை தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகப் பாத்திகள். கேரட்டுக்கு ஒரு பச்சை, முட்டைக்கோசுக்கு வேறு பச்சை. நாற்று நடும்போது இங்கே குறுக்காகக் கயிறு பிடித்துக்கொள்கிறார்கள். கயிற்றை ஒட்டி ஒரு நாற்று, ஒன்றரைச் சாண் தள்ளி அடுத்த நாற்று. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை வரை ஒரே கோடு. எங்கள் ஊரில் தெருவே இவ்வளவு நேராக இருக்காது. திரும்பி வரும்போது, பக்கத்துத் தோட்டத்தில் ஒரே ஒரு நாற்று வரிசை தப்பி நிற்பதைச் சூசை பார்த்துவிட்டார். இரண்டடி தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்து, குனிந்து, அதைப் பிடுங்கி நேராக நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"அடுத்தவங்க தோட்டம்லா?" என்றார் அண்ணன்.

"என்ன பண்றதுங்க, கண்ணை உறுத்துதே" என்றார் சூசை.

மத்தியானம் அவரைக் காணோம். எமரால்டுப் பக்கம் கேரட் ஏற்றப் போகிற வண்டியில் ஏறிப் போயிருப்பதாக லூர்து சொன்னார். சொல்லும்போது அவர் முகம் ஒரு தினுசாக இருந்தது. பொழுது சாயும்போது சூசை திரும்பினார். இரண்டு முழங்காலிலும் சேறு. என்ன வேலை என்று கேட்டால், "சும்மா, சின்ன வேலைங்க" என்று சிரிக்கிறார். முழங்காலில் சேறு படுகிற சின்ன வேலை என்னவாக இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குளிரால் அல்ல, கம்பளி தாராளமாக இருந்தது. சத்தமே இல்லை, அதுதான் காரணம். பிறந்ததிலிருந்து காதில் அலை இல்லாமல் நான் தூங்கியதில்லை. மெர்சி இதை எப்படித் தாங்குவாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில், என் கவலை அதுவல்ல என்று புரிந்தது. அவள் தாங்கிக்கொள்வாள். அந்தச் சத்தத்தோடு அந்த வீட்டில் நான் ஒருத்தியாக எப்படி இருப்பேன் என்பதுதான் கவலை. இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணமாகச் சொல்ல முடியாது. ஆகவே இழுப்பே நல்ல காரணம் என்று திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அமலன் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். நேரில் பார்த்தால் காது அவ்வளவு பெரிதில்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சூசை எழுந்து நின்று, கல்யாண வீட்டில் அறிவிப்புச் செய்கிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு உங்களையெல்லாம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"எங்க, கள்ளிக்கோட்டைக்கா?" என்றேன்.

"அவலாஞ்சிக்குங்க. எங்க ஊரு பீச்சு. உங்க ஊரு மாதிரியே இருக்கும், பாருங்களேன்."

அமலன் டீக் கோப்பைக்குள் பார்த்தான். லூர்து கூரையைப் பார்த்தார்.

அதே கேரட் வண்டிதான் எங்களுக்கும் வாகனம். நானும் லூர்துவும் முன்னால். ஆண்கள் பின்னால், காலிச் சாக்குகளின் மேல். எமரால்டு தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பாரம் இல்லீங்க, அதான் குதிக்குது. கேரட் ஏத்தியிருந்தா அடங்கிப் போயிருக்கும்" என்றார். பின்னால் இருந்த மூன்று பேரையும் கேரட்டுக்குப் பதிலாகப் பின்சக்கரத்துக்கு மேலாக நெருக்கி உட்காரவைத்தார். வண்டி ஏறியது. அண்ணனுக்கு இந்த முறை குமட்டவில்லை. காற்றில் உட்கார்ந்தால் வள்ளம் மாதிரிதான் இருக்கிறது என்றார்.

வண்டி நின்ற இடத்திலிருந்து இறங்கி நடந்தோம். தைலமர வாசம் முடிந்து, இருட்டான சோலைக் காடு ஒன்று முடிந்து, சட்டென்று கண் எதிரே தண்ணீர்.

பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கோடையில் அணைத் தண்ணீர் வற்றி இறங்கியிருந்தது. இறங்கிய ஒவ்வொரு மட்டமும் கரையில் ஒரு கோடு விட்டிருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. ஓடை வந்து சேரும் இடத்தில் மட்டும் வெள்ளை மணல், பொடிக் கூழாங்கல். கூட்டம் மிதித்த தடம் இல்லை. ஒரு காகிதம், ஒரு பீடித்துண்டு இல்லை. எதிர்க்கரை மலை தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தண்ணீர் வந்து கரையைத் தொட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனது. காலை நனைத்தேன். எலும்பு வரை ஏறியது குளிர். கையில் அள்ளி வாயில் விட்டேன். உப்பே இல்லை. இவ்வளவு தண்ணீரில் ஒரு கை உப்புக்கூட இல்லாதது எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

நடந்தோம். தண்ணீருக்கடியில் எத்தனையோ காலம் கிடந்த மரக் கட்டைகள் கறுத்து வெளியே நின்றன. ஒரு சின்னப் பறவை எங்களுக்கு முன்னால் ஓடி ஓடி, நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடியது. பேச்சுச் சத்தம் தானாகவே குறைந்துவிட்டது. சூசை மட்டும் கொஞ்சம் முன்னால், அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவு திரும்பியதும் அவர் குரல் கேட்டது.

"அட! இங்க பாருங்க, சிப்பி கெடக்குது!"

போய்ப் பார்த்தோம். உண்மைதான். மணலில் சோழி, சிப்பி, சின்னச் சங்கு, ஒன்றல்ல இரண்டல்ல, மணல் முழுக்க. எல்லாம் அசல் கடல் சிப்பி. ஏழாயிரம் அடி மலை உச்சியில், உப்பில்லாத தண்ணீர்க் கரையில், எண்ணெய் பூசின மாதிரி பளபளவென்று. அண்ணன் வாயைத் திறந்தார். நான் அவர் காலை இரண்டாவது முறையாக மிதித்தேன்.

ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன். கடல் சிப்பியை எறியும். இங்கே சிப்பிகளை யாரோ நட்டு வைத்திருந்தார்கள். ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. ஒவ்வொரு சிப்பிக்கும் நடுவே ஒன்றரைச் சாண். வாய்ப்பக்கம் கீழே, முதுகு மேலே. அந்த முனையிலிருந்து இந்த முனை வரை கயிறு பிடித்த மாதிரி நேராக. ஒரு சங்கை எடுத்துத் திருப்பினேன். நுனியில் சின்ன ஓட்டை, ஓட்டையில் ஒரு துளி நைலான் நூல். உட்புறம் நீல மையில் 'வேளாங்கண்ணி' என்று எழுதியிருந்தது. கூடத்து ஆணிகள் நினைவுக்கு வந்தன. லூர்து என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சங்கை இருந்த இடத்திலேயே வைத்தேன். "அடேயப்பா, எங்க ஊர்லகூட இவ்வளவு கெடைக்காதே" என்றேன். சூசையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இன்னும் கொஞ்ச தூரம் இந்த நாடகத்தை நடத்திப் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். கெடுத்தது காட்டெருமை.

கோடு முடிகிற இடத்தில் ராத்திரி ஏதோ தண்ணீருக்கு வந்து போயிருந்தது. பெரிய குளம்புத் தடங்கள் வரிசைக்குக் குறுக்கே இறங்கியிருந்தன. இரண்டு சிப்பி நொறுங்கியிருந்தது, நாலைந்து புதைந்து கிடந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சூசை எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"அய்யய்யோ! நட்டு ஒரு நாளாகல, அதுக்குள்ள மிதிச்சுத் தொலச்சிருச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். புதைந்த சிப்பியைத் தோண்டி, துடைத்து, பக்கத்து வரிசையோடு ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்து, திரும்ப நட்டு, இரு கையாலும் சுற்றி மணலை அணைத்தார். இரண்டாவதையும் நட்ட பிறகுதான் நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு உறைத்தது.

நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "அறுவடை எப்பங்க?"

அண்ணன் அதற்குமேல் தாங்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைப் பறவைகள் கிளம்பிப் போயின. அமலனுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. "அப்பா!" என்றான், காது முழுக்கச் சிவந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னனுங்க" என்று லூர்து மூன்று நாள் அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டார். "வெதைக்கிற மாதிரி வீசிப் போட்டுட்டு வாங்கன்னு சொன்னனுங்க. கேக்கோணுமில்ல? முட்டி போட்டு நட்டுட்டு வந்திருக்காருங்க. வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் வாங்கியாந்த சிப்பித் திரைங்க அது. கத்திரி எடுத்து ஊட்டுக்குள்ளயே நறுக்கிட்டாரு."

சூசை குல்லாவைக் கழற்றினார். முதன்முதலாக அவர் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.

"பையன் சொன்னானுங்க, அந்தப் புள்ளைக்குக் கடல் இல்லாம ஆகாது, அவங்கம்மா அதுக்குத்தான் யோசிக்கிறாங்கன்னு. நானும் யோசிச்சுப் பாத்தனுங்க. தண்ணி இருக்குது. மணல் இருக்குது. சிப்பி ஒண்ணுதான் இல்ல. அதை வெச்சுட்டா உங்க மனசு கொஞ்சம் எறங்கும்னு... தப்புத்தானுங்க."

அமலன் என் பக்கத்தில் வந்து நின்றான். "இது கடல் இல்லீங்க, அத்தை. எனக்குத் தெரியும். லீவெல்லாம் சேத்து வெச்சு, அவளைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வந்துருவேனுங்க. அந்த லீவு முழுக்க அங்கதான். உங்களுக்குச் சம்மதம்னா" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மரியாதையான காரணம் நாக்கு நுனியில் இருந்தது. நான் சூசையின் முழங்காலைப் பார்த்தேன். நேற்றுச் சேறு துவைத்தும் போகாத வேட்டியில் இன்று புதுச் சேறு. முன்பின் பார்க்காத என் மகளுக்காக ஒரு மனிதர் கடல் நட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அழுகைதான் கொஞ்சம் முந்தியது.

"மெர்சிக்குக் குளிர்..." என்று ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "மெர்சிக்குக் குளிர் பழகக் கொஞ்ச நாளாகும். நீங்கதான் பாத்துக்கணும்."

முதலில் புரிந்துகொண்டது லூர்துதான். சிலுவை போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவர் கை வெதுவெதுவென்று இருந்தது.

அங்கேயே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தக்காளிச் சோறு, முட்டை, பிளாஸ்க் டீ, தவறாமல் கேரட். பிறகு எல்லாரும் சேர்ந்து அறுவடை செய்தோம். ஒரு வரிசையையும் விடாமல் பொறுக்கிக் கேரட் சாக்கில் போட்டோம். அன்று ராத்திரி, வலை பின்னிப் பழகிய என் அண்ணன் அடுப்போரம் உட்கார்ந்து, புது நூலில் வலை முடிச்சுப் போட்டு அந்தத் திரையைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். இனிமேல் கத்திரியால்கூட ஆகாது என்று சூசையைப் பார்த்துச் சொன்னார்.

ஊர் திரும்பியபோது மெர்சி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தாள். எத்தனை பஸ்ஸுக்கு நின்றாளோ. "என்னம்மா?" என்றாள். ஒரே வார்த்தை என்பதுதானே ஒப்பந்தம்.

"முட்டைக்கோஸ்" என்றேன்.

அவள் விழித்தாள். "கொஞ்சம் வாங்கி வைக்கணும்ட்டி. அடுத்த மாசம் அவங்க நிச்சயத்துக்கு வாறப்போ வேணும்" என்றேன். பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர்கள் வந்த அன்று காலையிலேயே நானும் அண்ணனும் கூடையோடு கொல்லைப்பக்கம் போய்விட்டோம். கடற்கரை மணலில் ஒவ்வொரு முட்டைக்கோசாக, பாதி புதைந்த மாதிரி வைத்தோம். எங்களுக்குக் கயிறு பிடிக்கவெல்லாம் தெரியாது; அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தோம். காபி குடித்ததும், "வாங்க, எங்க ஊர்த் தோட்டத்தைக் காட்டுறேன்" என்று மெர்சியையும் சேர்த்துக் கூட்டிப்போனேன்.

சூசை பார்த்தார். பக்கத்தில் அவ்வளவு பெரிய கடல், வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்த கடல். அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சூசை சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. குல்லா இல்லாத தலையைச் சொறிந்தார். இரண்டடி தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மணலில் கிடந்த வலைக் கயிறு ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்காலிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்மந்தி" என்று சொல்லிக்கொண்டே முதல் முட்டைக்கோசைப் பிடுங்கினார். "மெர்சிக் கண்ணு, அந்த முனையில போய்க் கயிறைப் பிடி."